கடைசி ஏட்டை மட்டும் படித்த கீரி

கருங்காலிக் காட்டில் ஒரு கீரி இருந்தது. எந்தக் குட்டிக்கு எந்தப் புத்தகம் என்று சொல்வதுதான் அதன் வேலை. வேலையை யாரும் கொடுக்கவில்லை, தானாகவே எடுத்துக்கொண்டது.

அந்தக் காட்டில் மழை என்றால் லேசான மழை இல்லை. ஆரம்பித்தால் நாற்பது நாள்! எந்தக் குடும்பமும் வளையை விட்டு வெளியே தலைகாட்ட முடியாது. நாற்பது நாள் குட்டிகளோடு ஒரே வளைக்குள் அடைந்து கிடப்பது எப்படி இருக்கும் என்று, குட்டிகள் உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள்!

அதனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால் தையல்சிட்டு புதுப் புத்தகங்களைத் தைத்து ஆற்றங்கரைப் பாறையில் அடுக்கி வைக்கும். எல்லாம் தேக்கிலை ஏடுகள். முள்ளம்பன்றியின் முள்ளால் கீறி எழுதியவை. ஒவ்வொரு புத்தகத்தின் முன்பக்கத்திலும் சிலந்தி நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருக்கும். முதலில் படிக்கிறவர் அந்த நூலை அறுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

குடும்பத்துக்கு ஒரு புத்தகம். முதல் துளி விழும்வரை மாற்றிக்கொள்ளலாம். துளி விழுந்துவிட்டால் அவ்வளவுதான், எடுத்தது எடுத்ததுதான்!

அந்த வருஷமும் புத்தகங்கள் வந்தன. கீரி பாறைமேல் ஏறி நின்றது. வாலை ஒரு உதறு உதறியது.

"வாங்க, வாங்க! யாருக்கு எது வேணும்?"

முள்ளம்பன்றி அப்பா முன்னால் வந்தது. "அண்ணே, என் பையன்க ரெண்டும் ஓயாம சண்டை போடுதுங்க!"

"இதோ! 'ரெண்டு கரடிகள்'! அண்ணனும் தம்பியும் ஒரே தேனடையில ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்கன்னு முடியுது. அருமையான நீதி!"

காட்டுப்பன்றி அம்மா வந்தது. "என் மக குளிக்கவே மாட்டேங்குறா!"

"இதோ! 'சேற்று ராஜா'! அன்னையிலேருந்து ராஜா தினமும் குளிச்சாராம். எடுத்துட்டுப் போங்க!"

கூட்டம் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தது. கீரிக்குப் பெருமை பிடிபடவில்லை. இருக்காதா? ஒரு மணி நேரத்தில் முப்பது குடும்பத்துக்குப் புத்தகம் சொல்வது என்ன சின்ன விஷயமா!

எப்படி முடிந்தது தெரியுமா? கீரி ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசி ஏட்டை மட்டும்தான் படித்திருந்தது. நீதி அங்கேதானே இருக்கிறது! பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தால் போதும், முன்பக்கத்து நூலைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று நம்புகிறேன்.

கடைசியாக நீர்நாய் அம்மா வந்தது. அதன் முகமே சரியில்லை. கூடவே அதன் குட்டி மினுக்கி, அம்மாவின் வாலைப் பிடித்தபடி ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, என் பொண்ணு தண்ணியில இறங்க மாட்டேங்குறா. மழை வந்தா எங்க வளைக்குள்ள தண்ணி ஏறிடும். நாங்க எல்லாரும் அக்கரை மேட்டுக்கு நீந்திப் போயாகணும். இவளை வாயில கவ்விட்டுப் போகலாம்னா, இவ வளந்துட்டா. வெள்ளத்துல என்னால முடியாது. இவளை விட்டுட்டா போக முடியும்?" என்றது.

எல்லோரும் மினுக்கியைப் பார்த்தார்கள்.

மினுக்கி மெதுவாக வாயைத் திறந்தது. "தண்ணிக்கு அடியில யாரு இருக்காங்க மாமா? மேலேருந்து பாத்தா கறுப்பா இருக்கு. யாருன்னு தெரியாம எப்படிக் குதிக்கிறது?"

நல்ல கேள்வி! ஆனால் கீரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பயம்! அவ்வளவுதான் விஷயம்! இதோ, 'அஞ்சாத ஆமை'! கடைசியில என்ன சொல்லுது தெரியுமா? துணிஞ்சு குதிச்சவன் கரை சேந்தான்! உங்க பொண்ணுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு!"

நீர்நாய் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனது.

மினுக்கி கெட்டிக்காரக் குட்டி. அது எந்தப் புத்தகத்தையும் முதல் ஏட்டிலிருந்துதான் படிக்கும். அன்று மத்தியானமே நூலை அறுத்துப் படிக்க உட்கார்ந்தது. மூன்றாவது ஏட்டில் ஆமை சுழலில் மாட்டியது. நாலாவதில் ஒரு முதலை வந்தது. ஐந்தாவதில் அது வாயைத் திறந்தது. ஆறாவது ஏடு முழுக்கப் பல்! ஏழிலும் எட்டிலும் அதே பல், இன்னும் கிட்டத்தில்! துணிந்து குதித்தவன் கரை சேர்ந்தான் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் அவனுடைய மூன்று சித்தப்பாக்கள் போய்விட்டார்கள்.

மினுக்கி வளையின் மூலைக்குப் போய்ச் சுருண்டது. அதற்குமேல் ஆற்றுப் பக்கமே திரும்பவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. புல் நுனியில் இருக்கும் பனித்துளியை நக்கிக் குடித்தது!

மூன்றாம் நாள் மேற்கே மேகம் திரண்டது. நீர்நாய் அம்மா பதறிப்போய்ப் புத்தகத்தையும் குட்டியையும் இழுத்துக்கொண்டு பாறைக்கு ஓடியது.

அங்கே ஏற்கெனவே ஒரே கூச்சல். முள்ளம்பன்றி அப்பாவின் முகத்தில் ஏழெட்டு முள் குத்தியிருந்தது.

"கரடிங்க ஒண்ணா தேன் சாப்பிட்டது கடைசி ஏட்டுலதான்! அதுக்கு முன்னாடி பதினேழு ஏட்டுக்குச் சண்டை! என் பையன்களுக்குத் தெரியாத குத்தெல்லாம் அதுல இருக்கு!"

"சேற்று ராஜா குளிச்சதும் கடைசியிலதான்!" என்று காட்டுப்பன்றி அம்மா சீறியது. "அதுவரைக்கும் சேத்துல எத்தனை சுகம் இருக்குன்னு வெளுத்து வாங்கியிருக்கார்! என் மக இப்ப சேத்துலதான் தூங்குறா!"

கீரி அசரவில்லை. "அவசரப்படாதீங்க! நீதி நல்ல நீதிதானே? மெதுவா வேலை செய்யும்!"

அப்போது மினுக்கி அம்மாவின் வாலுக்குப் பின்னாலிருந்து கேட்டது. "மாமா, அந்த முதலைக்கு எத்தனை பல்லு?"

"முதலையா? எந்த முதலை?" என்றது கீரி.

சொன்ன பிறகுதான் அதற்கு உறைத்தது.

தையல்சிட்டு விருட்டென்று பறந்து வந்தது. அடுக்கில் மிச்சமிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டியது.

"நூல் அறுக்கவே இல்ல! இதுலயும் இல்ல! இதுலயும் இல்ல! நான் ராத்தூக்கம் இல்லாம தைச்சேன். ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்காமலா எல்லாருக்கும் சொன்னீங்க?"

கீரியின் வால் தொங்கிப்போனது. "நீதி கடைசியிலதானே இருக்கு... நீங்களும் அதைத்தானே கேட்டீங்க..." என்று முனகியது.

அதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால் முள்ளம்பன்றி அப்பாவும் காட்டுப்பன்றி அம்மாவும் பாறையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நீர்நாய் அம்மாவுக்கு மட்டும் நியாயம் பேச நேரமில்லை. "மேகம் வந்துருச்சு! என் பொண்ணுக்கு இப்ப நான் என்ன செய்ய?" என்று கத்தியது. திரும்பிப் பார்த்தால் மினுக்கியைக் காணோம்!

மினுக்கி அடுக்குக்குப் பின்னால் இருந்தது. அங்கே கீரி வேண்டாமென்று தள்ளி வைத்த ஒரு புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. எழுதியது ஒரு நண்டு. பெயர் 'கல்லுக்கு அடியில் யார்?'

"ஐயோ, அது வேண்டாம்!" என்றது கீரி. "அதுல நீதியே இல்ல. கடைசி ஏட்டுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'ஆறாவது கல்லுக்கு அடியில் யார் என்று எனக்குத் தெரியவில்லை. என் கால் எட்டவில்லை.' அவ்வளவுதான்! இதெல்லாம் ஒரு புத்தகமா?"

மினுக்கிக்கு அது கேட்கவே இல்லை. பல்லால் நூலை அறுத்துவிட்டு முதல் ஏட்டுக்குள் போய்விட்டது.

அந்தப் பாறைக்குக் கீழேயே ஆற்றில் ஆறு கற்கள் இருந்தன. படி மாதிரி ஒன்றைவிட ஒன்று ஆழத்தில் கிடந்தன. நண்டு அந்தக் கற்களைப் பற்றித்தான் எழுதியிருந்தது. முதல் கல்லுக்கு அடியில் ஒரு இறால். பகலெல்லாம் தூங்கும், மீசை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் ஒரு நத்தை. யார் வந்தாலும் கதவைச் சாத்திவிடும். மூன்றாவதில் அயிரை மீன் குடும்பம், மொத்தம் அறுபது பேர். நாலாவதில் தட்டானின் குஞ்சு. இறக்கை எப்போது முளைக்கும் என்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாவதில் நண்டின் மாமியார். 'தயவுசெய்து தட்டாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

மினுக்கி களுக்கென்று சிரித்தது. அடுத்த ஏட்டைத் திருப்பியது. ஆறாவது கல். யாரென்று தெரியவில்லை. அடுத்த ஏடு இல்லை. புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தது, உதறிப் பார்த்தது. ஒன்றும் விழவில்லை!

"யாரும்மா அது?"

"எனக்கெப்படிடி தெரியும்?"

மினுக்கி பாறையின் ஓரத்துக்கு வந்தது. எட்டிப் பார்த்தது. "அம்மா! மீசை! இறால் மீசை தெரியுது!" என்று கூவியது. கூவிக்கொண்டே முன்காலைத் தண்ணீரில் வைத்துவிட்டது. அது வைத்தது அதற்கே தெரியாது!

நீர்நாய் அம்மா வாயைத் திறக்கப் போனது. "கூப்பிடாதீங்க!" என்று தையல்சிட்டு அதன் காதோரம் கிசுகிசுத்தது.

மினுக்கி தலையை முக்கியது. நத்தை கதவைச் சாத்தியது. உடம்பை முக்கியது. அறுபது அயிரைகளும் கலைந்து ஓடின. மேலே வந்து ஒரு மூச்சு எடுத்தது. மறுபடி போனது. தட்டான் குஞ்சைச் சுற்றிக்கொண்டு, மாமியார் வீட்டை ஓசைப்படாமல் தாண்டி, கறுப்பாக இருந்த அந்த ஆழத்துக்குள் போய் மறைந்தது.

ஒரு நீர்க்குமிழி வந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. நீர்நாய் அம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. குதிப்பதற்கு உடம்பைக் குறுக்கியது.

பளிச்சென்று ஒரு தலை மேலே வந்தது!

"யாருமே இல்லம்மா! ஊத்து! தரைக்குள்ளேருந்து குபுகுபுன்னு தண்ணி வருது! ஜில்லுன்னு இருக்கு! மூக்குல கிச்சுகிச்சு மூட்டுது!"

நீர்நாய் அம்மா சிரித்தது, அழுதது, இரண்டையும் சேர்த்துச் செய்தது. தையல்சிட்டு அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு வெற்றுத் தேக்கிலையைச் சேர்த்து மளமளவென்று தைத்தது. "இதுல நீ எழுது, கண்ணு!" என்றது.

கீரி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தது. அதற்கும் ஆவல் தாங்கவில்லை. "அதுல என்ன நீதி எழுதப் போற மினுக்கி?"

"நீதியா? ஊத்து இருக்குன்னு எழுதப் போறேன். ஆனா அந்தத் தண்ணி எங்கேருந்து மாமா வருது?"

கீரி விழித்தது. அதற்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, "தெரியலையேம்மா" என்று உள்ளதைச் சொன்னது.

"அப்ப இருங்க, பாத்துட்டு வரேன்!" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் மினுக்கி மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது.

அன்று சாயங்காலம் முதல் துளி விழுந்தது. விடிவதற்குள் வளைக்குள் தண்ணீர் ஏறியது. நீர்நாய்க் குடும்பம் அக்கரைக்கு நீந்தியபோது மினுக்கிதான் எல்லோருக்கும் முன்னால் போனது. அம்மாவால் அதைப் பிடிக்கவே முடியவில்லை! கீரியோ தன் வளையில், முள்ளம்பன்றி அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன 'ரெண்டு கரடிகள்' புத்தகத்தை முதல் ஏட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. பதினேழு ஏட்டுச் சண்டையும் அதற்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஒரு குழந்தைக்குப் புத்தகம் சொல்ல நினைப்பவர், முதலில் அந்தக் குழந்தை கேட்கும் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், பிறகு அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து தானே படித்திருக்க வேண்டும்.