புகைச் சோதனையில் தோற்ற கார்

மடத்துக் கார் புகைச் சோதனையில் இரண்டாவது முறையும் தோற்றுப்போனது. அதை ஓட்டிக்கொண்டு திரும்பிய நாகலிங்கத்தின் முகத்தில் வருத்தத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நாகலிங்கத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. ரயில்வே வேலையில் ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய குரு, அவரைவிட இருபது வயது இளைய ஒரு பெண்மணி. டாக்சி ஓட்டியவரின் மகள். எல்லோருக்கும் அவர் அம்மா.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அம்மா.

"புகை ரொம்ப அதிகமாம். பெட்ரோல் சரியா எரியலையாம். வயசான வண்டி, இனிமே தேறாதுங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு வந்துட்டேன்."

"அப்ப நாளைக்குக் கல்யாணத்துக்கு?"

"எப்படிம்மா போறது? சர்டிபிகேட் இல்லாத வண்டியை மலையடிவாரத்துலயே நிறுத்திடுவாங்களே."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. விஷயம் இதுதான். தம்பி மாசிலாமணியின் மகளுக்கு மறுநாள் மலைக்கோயிலில் கல்யாணம். விடியற்காலை முகூர்த்தம், அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி தானே போன் செய்து, "வராம இருந்துடாதேண்ணா" என்றிருந்தான். நாகலிங்கம் மென்று விழுங்கி, "பாக்கலாம்" என்றிருந்தார். இப்போது கார் கைகொடுத்துவிட்டது.

அண்ணன் தம்பிக்குள் நடந்தது சின்ன விஷயமல்ல. அப்பா இறந்தபோது நாகலிங்கம் வடக்கே வேலையில் இருந்தார். அடித்துப்பிடித்து ஊருக்கு வந்து சேர்வதற்குள் மாசிலாமணி கொள்ளி வைத்துவிட்டான். மூத்த மகனுக்காகக் காத்திருக்கவில்லை. நாகலிங்கம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அன்றே திரும்பிவிட்டார்.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து அம்மாவிடம் அவர் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான். "அவனை அப்பவே மன்னிச்சுட்டேம்மா. ஆனா பேரைக் கேட்டாலே இன்னும் நெஞ்சு எரியுது. ஏன்?" அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அம்மா கார்ப் பக்கம் நடந்தார்.

"என்னென்ன பாத்தீங்க?"

"பிளக் மாத்தியாச்சு. ஆயில் மாத்தியாச்சு. சைலன்சரைக் கழட்டித் தட்டியாச்சு."

"சோக்?"

காலைக் குளிரில் வண்டி கிளம்புவதற்காகக் காற்றை அடைக்கும் குமிழ் அது. ஓட்டுநர் முன்னால் இருக்கும். கிளம்பும்போது இழுத்து, சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும்.

"அதெல்லாம் அப்பவே தள்ளிட்டேன்" என்றார் நாகலிங்கம், கொஞ்சம் ரோஷத்தோடு. "எத்தனை வருஷமா ஓட்டறேன்."

அம்மா எட்டிப் பார்த்தார். குமிழ் உள்ளேதான் இருந்தது. பானட்டைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி வைத்தார்.

"இங்க வந்து பாருங்க."

கீழே காற்று போகும் வாயில் ஒரு சின்னத் தகடு. முக்கால்வாசி மூடியபடி நின்றது. அதையும் குமிழையும் இணைக்கும் கம்பி துருப்பிடித்து நடுவில் வளைந்திருந்தது.

"குமிழ் உள்ள போயிருக்கு. தகடு திறக்கலை" என்றார் அம்மா.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க உக்காந்திருக்கிற இடத்துலருந்து தெரியாது."

நாகலிங்கம் விரலால் தகட்டை நெம்பப் போனார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கம்பியை நிமிர்த்தி, பொறுமையாக அசைத்துக்கொண்டேயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தகடு தானாக விலகியது. என்ஜினைப் போட்டதும் முதலில் கருப்பாய் ஒரு புகை வந்தது. அப்புறம் சத்தமே மாறிவிட்டது. இத்தனை நாள் இருமிக்கொண்டிருந்த வண்டி அதுதானா என்று நாகலிங்கத்துக்கே சந்தேகம் வந்தது.

அன்று மதியமே அம்மாவும் கூட வர, வண்டி சோதனையில் தேறிவிட்டது. சர்டிபிகேட்டை வாங்கியபோது நாகலிங்கத்துக்கு மனசு லேசானது. பழைய வண்டி பிழைத்துக்கொண்டதே என்று உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். பாதி வழியில்தான் நாளைக் காலை ஞாபகம் வந்தது. வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

மடத்து வாசலில் வண்டியை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மாவும் இறங்கவில்லை.

"அம்மா, அன்னிக்கு அவன் ஏன் காத்திருக்கலைன்னு நான் அவனைக் கேட்டதே இல்லை."

"கேக்காமயே மன்னிச்சுட்டீங்களா?"

நாகலிங்கம் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். முதலில் அவர் குரல் உயர்ந்தது. அப்புறம் அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். காதில் போனை வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. ஆனால் ஆள் நிமிர்ந்து நடந்தார்.

"தம்பி என்ன சொன்னாரு?"

"ஆத்துல வெள்ளமாம். சுடுகாடு அக்கரையில. இன்னும் கொஞ்சம் விட்டா யாரும் தாண்ட முடியாதுன்னு ஊரே அவனைக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கு." செருமிக்கொண்டார். "எங்கண்ணன் பேர்ல வைக்கிறேன்னு சொல்லித்தான் கொள்ளி வச்சானாம். இதைச் சொல்லத்தான் அன்னிக்கு என் பின்னாலயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்திருக்கான். நான் திரும்பியே பாக்கலை."

அம்மா காரிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்தார்.

"அப்படின்னா இத்தனை வருஷமா நான் எதைம்மா மன்னிச்சேன்?"

அம்மா சிரித்துவிட்டார்.

"மன்னிச்சுட்டேன்னு மட்டும் அங்க போய்ச் சொல்லிடாதீங்க. வயிறாரச் சாப்பிட்டுட்டு வாங்க."