முந்நூறு பேரை அளந்த ஏடு

முதலில் கலாசாலை விடுதியில் மோரை நிறுத்தினார்கள். இரண்டாவதாக, மோர் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சோற்றை நிறுத்தினார்கள். மூன்றாவதாக, ஏட்டறையைப் பூட்டினார்கள். நான்காவதாக, ஏடு படிக்காமல் வந்தவர்களை முட்டி போட வைத்தார்கள். இத்தனையும் செய்தவர் கலாசாலைத் தலைவர் அழகியநம்பி. ஐந்தாவதாக அவர் ஓர் ஏட்டுக்கட்டோடு அரசவைக்கு வந்தார்.

"மன்னா! தேர்வில் பார்த்து எழுதும் திருட்டை ஒரு வருடம் உட்கார்ந்து அளந்தேன். முந்நூறு மாணவரில் இருநூற்றுப் பதினேழு பேர் திருடர்கள்!"

மன்னர் கோமாறன் கொதித்துப் போனார். "பார்த்து எழுதியவன் எவனாயினும் சாட்சிகள் முன் பெயரை வாசித்து வெளியே தள்ளுங்கள்!"

அவைப்புலவர் பூவராகன் எழுந்தார். அதே விடுதி மோரைக் குடித்துப் படித்து வந்தவர் அவர். துரத்தினால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு கலாசாலை கிடையாது.

"தலைவரே, நம் கலாசாலையில் படிப்பதே நாற்பது பேர்தானே?"

அழகியநம்பி அசரவில்லை. "அதனாலென்ன? நாற்பது பேரையும் நீக்குவோம். மீதி நூற்றெழுபத்தேழு பேரைப் புதிதாகச் சேர்த்துவிட்டு நீக்குவோம்."

"கணக்கு சரியாகத்தான் வருகிறது" என்று மன்னரும் தலையாட்டினார்.

பூவராகன் கைகூப்பினார். "அப்படியே ஆகட்டும், மன்னா. ஆனால் தண்டனை பெறுகிறவர்கள் குற்றத்தை முழுதாகக் கேட்க வேண்டாமா? நாற்பது பேரையும் சாட்சியாக நிறுத்துங்கள். தலைவர் தம் ஏட்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கட்டும்."

"தாராளமாய்!" என்றார் மன்னர். நாற்பது பேரும் அவைக்கு வந்து நின்றார்கள்.

அழகியநம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு, ராகம் போட்டு வாசித்தார். ஏடு எழுதுகிறவர்கள் கடைசி ஓலையில் தங்கள் பெயரையும் ஊரையும் எழுதி முடிப்பது வழக்கம். அந்த இடம் வந்தது. வாசித்த வேகத்தில் அவர் வாய் நிற்கவில்லை.

"...இவ்வாறு தன் மாணவரை அளந்து எழுதியவன், வடகரை நாட்டுக் கலாசாலைத் தலைவன் பொற்பாதன். பிழை இருந்தால் பொறுக்க."

நாற்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"யாருங்காணும் அந்தப் பொற்பாதன்?" என்றார் பூவராகன்.

"அது... எழுத்தாணி தானாக ஓடிவிட்டது..."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகனிடம் நீட்டினார்.

"மாலை இருக்கட்டும், மன்னா. முதலில் மோர்."

"இரண்டும் தந்தோம். என் ஆணையை நீரே நிறைவேற்றும்."

பூவராகன் சாட்சிகளின் பக்கம் திரும்பினார். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"பார்த்து எழுதியவர், எண்ணிக்கை ஒன்று. பெயர், அழகியநம்பி."