கதவுல ஒட்டின காகிதம்

வால்பாறையில முஹ்சினாவுக்குப் பேரே குருதான். யாரோட வெப்சைட் படுத்தாலும் அவதான் எழுப்பி விடுவா. அவளுக்கு ஒரே சிஷ்யன், சகாயராஜ். ஒண்ணாப் படிச்சவன். தவளைங்களப் பத்தி வலைப்பூ எழுதுறான்.

ஒரு மழை நாள்ல போன் பண்ணினான்.

"குருவே, வலைப்பூவ மூடப்போறேன்."

"ஏன்டா?"

"தவளை பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு எழுதினேன்ல? ஒருத்தர்கூட பேர் குடுக்கல. நெட்ல தேடினா என் பக்கமே வரல. போன வருஷம் வலைப்பூவ புது முகவரிக்கு மாத்துனதுலேர்ந்தே இப்படித்தான்."

"சைட்மேப்ப, அதான் எல்லாப் பக்கத்தோட பட்டியல, பாத்தியா?"

"பாத்தேன். எல்லாப் பக்கமும் புது முகவரியோட வரிசையா நிக்குது. எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா!"

"சரி, ஒவ்வொரு பக்கத்துக்குள்ளயும் 'என் சரியான முகவரி இதுதான்'னு ஒரு வரி இருக்குமே, கெனானிக்கல். அது என்ன சொல்லுது?"

"அதுவா? பழசு ஏதாவது இருக்கும். அத யாரு படிக்கப் போறா?"



"பஜ்ஜி வாங்கிட்டு என் மாடி ரூமுக்கு வா. அங்கதான் இருக்கேன்."

சகாயராஜ் வாங்கிட்டு ஓடினான். மாடிக் கதவு சாத்தியிருந்துச்சு. ஒரு காகிதம் ஒட்டியிருந்துச்சு, அவ கையெழுத்துல: 'என் சரியான இடம் மார்க்கெட் ரூம்.'

பஜ்ஜிய சட்டைக்குள்ள வச்சுகிட்டு மார்க்கெட்டுக்கு ஓடினான். அந்த ரூம்ல ஒருத்தர் கோழி வித்துட்டிருந்தாரு.

"முஹ்சினாவா? அது காலி பண்ணி ஒரு வருஷம் ஆச்சே தம்பி. கோழி வேணுமா?"

திரும்பி வந்து, கோவத்துல கதவ ஒரு தள்ளு தள்ளினான். தொறந்துச்சு. உள்ள குரு கால் மேல கால் போட்டு டீ குடிச்சுட்டிருந்தா.

"இங்கயேதான் இருந்தியா!"

"சொன்னேனே, மாடி ரூம்ல இருக்கேன்னு."

"அப்ப கதவுல ஏன் அப்படி எழுதி ஒட்டின?"

"அத யாருடா படிக்கப் போறா?"

சகாயராஜ் சட்டையிலேர்ந்து தண்ணி சொட்டிட்டே இருந்துச்சு. அப்பறம் சிரிக்க ஆரம்பிச்சான், நிறுத்தவே முடியல. லேப்டாப்ப இழுத்தான். ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த வரியில பழைய முகவரி! தேடுற இன்ஜினும் அதப் படிச்சு நம்பி அங்கதான் ஓடியிருக்கு. எல்லாத்தையும் மாத்தினான்.

கொஞ்ச நாள் போச்சு. அதே மாடி ரூம், அதே மழை, இந்தத் தடவ சூடான பஜ்ஜி. சகாயராஜ் போன் அடிச்சுது.

"தவளை பாக்கக் கூட்டிட்டுப் போறது நீங்கதானே சார்? தேடினேன், மொதல்லயே வந்துச்சு. நாங்க ஆறு பேரு. எங்க வரணும்?"

சகாயராஜ் எந்திரிச்சே நின்னுட்டான். "வாங்க வாங்க! பாலத்துக்கு வந்துடுங்க. இல்ல, பஸ் ஸ்டாண்ட் வந்தாலும் சரி. சர்ச் வாசல்ல நின்னாலும்..."

குரு வாயில பஜ்ஜியோட நிமிர்ந்தா.

"ஒரு இடத்தச் சொல்லுடா."