வடிக்காத பயறு

மடத்துப் பூனை அடுப்படிக்குள் போனது. மூலையில் இருந்த மண்சட்டியை மோந்து பார்த்தது. தலையைச் சிலுப்பிக்கொண்டு வெளியே ஓடியது.

அதைப் பார்த்துவிட்டு அருளாண்டி சாமி உள்ளே வந்தார்.

அடுப்படி ஒச்சப்பன் பொறுப்பு. அவர் சாமியின் சீடர்தான். ஆனால் சாமியைவிட வயதில் ரொம்ப மூத்தவர்.

"பெரியவரே, சட்டியில என்ன?"

"பாசிப்பயறு, சாமி. நீங்க ஊறப்போடச் சொன்னதுதான்."

சொன்னது முந்தாநாள். ஒச்சப்பனின் தம்பி சின்னமாயன் காய்ச்சலில் துவண்டு மடத்துக்கு வந்து ஓர் அறையில் படுத்திருந்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கண் மூடக் கூடாது என்று வந்தவர். கஞ்சித்தண்ணி தவிர எதுவும் அவர் வயிற்றில் தங்கவில்லை. முளைகட்டிய பயறு லேசில் செரிக்கும், உடம்பும் தேறும் என்று சாமி சொல்லியிருந்தார். ஒச்சப்பன் அந்த அறைப் பக்கம் இன்னும் போகவில்லை.

சாமி சட்டிக்குள் குனிந்தார். தண்ணீர் நுரைத்து நாறியது.

"பயறு எவ்வளவு நேரம் ஊறணும்?"

"ஒரு ராத்திரி."

"அப்புறம்?"

"தண்ணிய வடிச்சுத் துணியில கட்டணும்."

"தெரிஞ்சும் ஏன் வடிக்கல?"

ஒச்சப்பன் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "வடிச்சா முளைக்கும். முளைச்சா கஞ்சி வைக்கணும். வச்சா அவங்கிட்டக் கொண்டுபோகணும்."

சாமி சிரித்துவிட்டார். "இதைத் தென்னைக்கு ஊத்துங்க. அது நாத்தம் பாக்காது. வேற ஒரு பிடி ஊறப்போடுங்க."

மறுநாள் விடிந்ததும் சாமி வந்தார். ஒச்சப்பன் புதுப் பயறுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஊறிருச்சா?"

"ஊறிருச்சு."

கை மட்டும் அசையவில்லை.

"சாமி, எம் பெண்டாட்டி செத்தன்னைக்கு ஊரே வந்துச்சு. அடுத்த தெருவுல இருந்த இவன் வரல. அதை நான் மறந்திரணுமா?"

சாமி சட்டியிலிருந்து ஒரு பயறை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்குள்ள தண்ணி இருக்கா?"

ஒச்சப்பன் நசுக்கிப் பார்த்தார். "இருக்கு. குடிச்சுத்தான உப்பியிருக்கு."

"சட்டித் தண்ணிய வடிச்சா, இது குடிச்சதும் போயிருமா?"

"அது எப்படிப் போகும்?"

"அப்புறமென்ன? வடிங்க."

ஒச்சப்பன் சட்டியைச் சாய்த்தார். பயறைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, தம்பி படுத்திருந்த அறைக்குள் போனார். ஜன்னல் கம்பியில் அதைத் தொங்கவிட்டார்.

சின்னமாயன் கண் திறந்தார். "என்னண்ணே அது?"

"பயறு. நாளைக்கு முளைச்சிரும். கஞ்சி வச்சுத் தாரேன், எந்திரிச்சு உக்காந்து குடி. ஊட்டியெல்லாம் விடமாட்டேன்."