பெயர் போட்டு வந்த பத்திரிகை

வடிவாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. குமரகுரு சாமிக்கு நாற்பதுதான். வயதைப் பார்த்தா குருவைத் தேடுவார்கள்? மனசுக்குச் சரியில்லை என்றால் புதுக்கோட்டையிலிருந்து டவுன் பஸ் பிடித்து அவருடைய ஆசிரமத்துக்கு வந்துவிடுவாள். அன்றும் அப்படித்தான் வந்தாள்.

"மக கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள்தான் சாமி. தாய்மாமன் வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலை."

தாய்மாமன் என்றால் அவளுடைய ஒரே தம்பி கதிர்காமன். அறந்தாங்கியில் இருக்கிறான். மாமன் மாலை விழாமல் பெண்ணை எப்படி மணவறையில் உட்கார வைப்பது?

"அழைச்சீங்களா?"

"போன்லயே பத்திரிகை அனுப்பிட்டேன். ஒரு ஆப் இருக்கு சாமி. அதுவே ஒவ்வொருத்தர் பேரையும் போட்டு அனுப்பிடும். அறுநூத்து நாப்பது பேருக்கு அரை மணி நேரத்துல போயிடுச்சு."

"தம்பிக்கும் அப்படித்தானா?"

"அவன் பேரும் போட்டுத்தான் போச்சு. பதிலுக்குக் கைகூப்புற படம் ஒண்ணு வந்துச்சு. அவ்வளவுதான்."

சாமி எழுந்து அடுக்களைக்குள் போனார்.

மதியம் அவரே வெளியே வந்து "வாங்கம்மா, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவது வழக்கம். அன்று வரவில்லை. இரண்டு மணிவரை மரத்தடியில் இருந்தாள். பசி காதை அடைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால், எல்லாரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"என்னைக் கூப்பிடவே இல்லையே சாமி." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு மணிக்கே உங்க பேர் போட்டு போன்ல அனுப்பினேனே."

"பாத்தேன். எல்லாருக்கும் போற செய்திதானேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாமி மூடி வைத்திருந்த சாதத்தை எடுத்து இலையில் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து அவரே ரசம் ஊற்றினார்.

"அறந்தாங்கிக்கு அடிக்கடி பஸ் இருக்கு இல்லையா?" என்று கேட்டார்.

அவள் வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்துக் கட்டிப் பையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே ஆசிரமத்துக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"என்ன சொன்னார் தம்பி?"

"அஞ்சு வருஷமா என் வாசலை மிதிச்சியான்னு சண்டைக்கு வந்துட்டான். நானும் விடலை. கத்தி ஓய்ஞ்சதும் கடைக்குப் போயி விரால் மீன் வாங்கிட்டு வந்தான். சின்ன வயசுக் கதையெல்லாம் பேசி ரெண்டு நாள் சிரிச்சோம் சாமி. கிளம்புறேன்னா விடவே மாட்டேங்கிறான். உங்களுக்கு மாம்பழம் கொடுத்து விட்டிருக்கான்."

பழத்தை எடுக்கப் பையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பழத்துக்கு அடியில், கட்டின கட்டு அவிழாமல் தட்டு இருந்தது. உள்ளே வெற்றிலை வாடிப் போயிருந்தது.

"சாமி, பத்திரிகையைக் கொடுக்கவே மறந்துட்டேன்."

சாமி ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அப்போ கட்டாயம் வந்துடுவார்."