முட்டாள் இல்லாத கதை

ரிட்டயர்டு ஜட்ஜ் அரங்கநாயகத்தின் பங்களாவில் அறைகளுக்குக் குறைவில்லை. இருப்பது அவர் ஒருவர்தான். சமையல்காரி பவளக்கொடி சாயங்காலம் சீரியல் போட்டால் அவருக்குப் பொறுக்காது.

"சீரியல்ல கதாநாயகி கதவோரம் நின்னு பாதியைக் கேட்டுட்டு அழுதுகிட்டே ஓடுறா. உள்ளே போய் என்னன்னு கேட்டா கதை முடிஞ்சுது. அத்தனை பேரும் முட்டாளுங்க. முட்டாளே இல்லாத கதை ஒண்ணு சொல்லு பார்ப்போம். சொல்லலேன்னா நாளையிலேருந்து இந்த வீட்ல டிவி கிடையாது."

பவளக்கொடி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"ஒரு வீட்ல எல்லாருமே புத்திசாலிங்க ஐயா. அப்பா யாருகிட்டயும் ஏமாந்ததே இல்ல. அவரு தம்பி மன்னிப்புக் கேட்டு வந்தப்போ, நடிக்கிறான்னு உள்ளே விடல. மக ஆசைப்பட்ட பையனைத் தீர விசாரிச்சு வேணாம்னுட்டாரு. அவளும் புத்திசாலி, வீட்டை விட்டுப் போனவ திரும்பி வரல. மகன், டிக்கெட்டுக்கு எதுக்கு வீண் செலவுன்னு வெளிநாட்டுலயே இருந்துட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் நடக்கல ஐயா. அந்த வீட்ல யாரும் அழல, யாரும் ஓடல. கதவோரம் நின்னு கேக்கக்கூட ஆளில்ல."

ஜட்ஜ் வெகுநேரம் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரிமோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"உன் முட்டாளுங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"