காலில் போட்ட வெள்ளரிப்பழம்

ஆற்றங்கரையில் ஒரு மடம். சித்திரை பிறந்த அன்று காலையில் கனி கண்டதும், சீடர்கள் ஒவ்வொருத்தராகக் குருவம்மா முன்னால் போய், அந்த வருஷத்துக்கான தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

உச்சிமாகாளியின் முறை வந்தது. குருவம்மாவை விட வயசில் மூத்தவர். மனைவி இறந்து நாளாச்சு. ஒரே மகள், தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறாள்.

“இந்த வருஷம் பொறுப்பா இருக்கப் போறேம்மா.”

“போன வருஷம் என்ன சொன்னீங்க?”

“நல்ல மனுஷனா இருப்பேன்னு சொன்னேன்.”

“இருந்தீங்களா?”

“இருந்த மாதிரிதான் தெரிஞ்சுது.”

குருவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பொறுப்புன்னா எது?”

“மகளை நல்லாப் பாத்துக்கணும். அம்மா இல்லையேன்னு அவ ஏங்கிறக் கூடாது.”

“பிள்ளை பிறந்தா யார் குளிப்பாட்டுவா?”

“யாராவது வருவாங்க.”

“யாரு?”

“அதான் இன்னும் பாக்கலைம்மா.”

“உக்காருங்க. காலை நீட்டுங்க.”

உட்கார்ந்து நீட்டினார். கனித் தட்டில் இருந்த வெள்ளரிப்பழத்தை எடுத்து, நல்லெண்ணெய் தடவி, அவர் காலில் கிடத்தினார் குருவம்மா. கையில் ஒரு செம்புத் தண்ணீரையும் கொடுத்தார்.

“குளிப்பாட்டுங்க.”

உச்சிமாகாளி ஊற்றினார்.

“இப்ப எங்கே ஊத்தினீங்க?”

“பொதுவா ஊத்தினேம்மா.”

“பொதுவா ஊத்தினா மூக்குக்குள்ள போகும்.”

அவர் பதறிக் காலை அசைத்தார். பழம் வழுக்கிக் கொண்டு தரையில் விழுந்து வெடித்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இதே பிள்ளையா இருந்தா…”

“பழம்தான். யாராவது நாட்டுச்சர்க்கரை எடுத்துட்டு வாங்க” என்றார் குருவம்மா.

சர்க்கரை போட்டு எல்லாரும் தின்றார்கள். உச்சிமாகாளி மட்டும் தன் பங்குப் பழத்துண்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

“உங்க தெருவில பச்சைப்பிள்ளைகளை யாரு குளிப்பாட்டுறா?”

“செல்லத்தாயி. ஆனா ஒரு ஆம்பளை போய் எப்படிம்மா இதைக் கேக்கிறது? சிரிப்பாங்க.”

“இங்கேயுந்தான் சிரிச்சாங்க.”

உச்சிமாகாளி சுற்றிப் பார்த்தார். சிரித்தவர்கள் வாயெல்லாம் சர்க்கரையாக இருந்தது. தன் பழத்துண்டை வாயில் போட்டுக் கொண்டார். நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“நாளைக்குக் காலையில செல்லத்தாயி வீட்டுக்குப் போறேன். முதல்ல வெந்நீர் விளாவக் கத்துக்கிடுறேன். சூடு கைக்குப் பிடிபட்டதும் ஊத்திப் பழகுறேன். அதுக்குப் பிறகு, அவ பக்கத்துல இருக்கும்போதே ஒரு பச்சைப்பிள்ளையைக் கால்ல வாங்கிக்கிடுறேன். மக வர்றதுக்குள்ள இவ்வளவும்.”

“ம்.”

கும்பிட்டுவிட்டு வாசல் வரைக்கும் போனவர், என்னவோ நினைத்துத் திரும்பி வந்தார்.

“அம்மா, எல்லாம் கத்துக்கிட்டேன், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டியும் முடிச்சுட்டேன்னு வைங்க. அப்ப நான் பொறுப்பான மனுஷனாயிருவேனா?”

“முதல்ல துவட்டுங்க” என்றார் குருவம்மா. “பிள்ளை ஈரத்தோட கிடக்கு.”